மூக்கூரணியில் தொண்டை வலிக்கு நடந்த விசாரணை

மூக்கூரணிக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் அந்த ஊரில் பெண்ணெடுத்தவன். மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அந்த ஊரைக் குறை சொல்ல என் நாக்குக் கூசும். அவர்கள் முட்டாள்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். இந்தக் காலத்தில் அப்படி யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்? 'இந்தா வந்துட்டேன்' என்று போனில் சொல்கிறவன் அந்நேரம் வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருப்பான். மூக்கூரணிக்காரன் 'இந்தா வந்துட்டேன்' என்றால் திரும்பிப் பாருங்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பான்.

அந்த ஊருக்கு உள்ள பெரிய சொத்து அதன் கம்மாய். வைகாசி வெயிலில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்பிடி நடக்கும். சுற்றியிருக்கும் பத்து ஊர்ச் சனமும் வலையும் ஊத்தாவுமாக வந்து கரையில் குந்தியிருக்கும். ஊத்தா என்பது மூங்கில் குச்சியில் பின்னிய அடியில்லாக் கூடை. சேற்றில் சடக்கென்று அமுக்கி, மேலே கையை விட்டுத் துழாவினால் உள்ளே மாட்டிய மீன் கையில் வரும். ஆனால் யாரும் தன் இஷ்டத்துக்குக் கம்மாய்க்குள் கால் வைக்க முடியாது. மூக்கூரணிக்காரர் ஒருவர் மடைமேல் ஏறி, வெள்ளைத் துண்டைச் சுழற்றி, 'இறங்கலாமோய்!' என்று கூவ வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் இறங்கலாம்.

இந்த வருஷம் கூவ வேண்டியவன் பேச்சிமுத்து. என் பெண்டாட்டிக்குத் தம்பி முறை. தங்கமான பையன். அவன் தொண்டையைத் திறந்தால் பனைமரத்துக் காக்காய் அத்தனையும் எழுந்து பறக்கும். அந்தத் தொண்டையை நம்பித்தான் அவன் கல்யாணமே இருந்தது.

கம்மாய்க்கு அந்தப் பக்கம் எதிர்க்கரைப்பட்டி. கரையிலிருந்து இறங்கினால் முதல் வீடு ஆண்டிச்சாமி வீடு. அவருடைய மகள் சொர்ணக்கிளிமேல் பேச்சிமுத்துவுக்கு இரண்டு வருஷமாக ஆசை. அவளுக்கும் அப்படித்தான் என்று ஊருக்கே தெரியும். போன மாதம் பெண் கேட்டுப் போனோம். ஆண்டிச்சாமி மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“எங்கப்பா காலத்துல மூக்கூரணிக் கூவு இந்த வாசல் வரைக்கும் வரும். இப்பப் பத்து வருசமா வர்றதில்ல. மீன்பிடியன்னிக்கு நான் இந்த வாசப்படியில நிப்பேன். உன் கூவு என் காதுல விழுந்துச்சுன்னா பொண்ணு உனக்கு. விழலேன்னா எங்க அக்கா மகனுக்கு. நான் ஒரு சொல் சொன்னா சொன்னதுதான்.”

பேச்சிமுத்து சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். அவனுக்கு அது ஒரு பந்தயமாகவே படவில்லை.

மீன்பிடிக்கு ஆறு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலையில், எழுந்ததும் எச்சிலை முழுங்கினான். ஆத்தே! நெருஞ்சி முள்ளை முழுங்கியது போல இருந்ததாம். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தான். உள்ளே போகவில்லை. அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தான், வாத்துக் கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

விஷயம் அரைமணி நேரத்தில் அம்பலத்துக்குப் போய்விட்டது. ஊர்த் தலைவரை அந்தப் பக்கம் அம்பலம் என்பார்கள். சேவுகன் அம்பலம் நல்ல மனுஷன். உடனே மினிபஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். கூடவே உடையணன், எப்போதும் கக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருப்பான், பஞ்சாயத்தில் நடப்பதை எல்லாம் எழுதுகிறவன். அவனோடு வெள்ளைக்கண்ணு, எதற்கும் ஒரு கேள்வி கேட்பவன். மீன் சாப்பிடலாம் என்று ஒரு வாரம் முன்னதாகவே மாமனார் வீட்டுக்கு வந்து டேரா போட்டிருந்த நானும் போனேன்.

டாக்டரம்மா டார்ச்சை எடுத்து, “ஆ காட்டுங்க” என்றார். பேச்சிமுத்து, அம்பலம், உடையணன், வெள்ளைக்கண்ணு, நாலு வாயும் திறந்தது. அவர் ஒரு வாயை மட்டும் பார்த்தார். மற்ற மூன்றையும் மூடச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“முழுங்கும்போது வலிக்குதா?” என்று கேட்டார்.

நாலு பேரும் முழுங்கிப் பார்த்தார்கள். பேச்சிமுத்துவின் கண்ணில் தண்ணீர் வந்தது. “எனக்கு வலிக்கலையே” என்றான் வெள்ளைக்கண்ணு, ஏதோ தனக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காத மாதிரி.

அம்பலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டார். “தாயீ, இதுக்கு யாரு காரணம்? நீங்க காரணத்த மட்டும் சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்.”

டாக்டரம்மா பொறுமைசாலி. “ஒரு காரணம்னு சொல்ல முடியாதுங்க. முக்கால்வாசி வைரஸ்தான், சளி புடிச்சவங்ககிட்டேருந்து ஒட்டிக்கும். சில பேருக்கு வேற கிருமி, அதுக்கு மட்டும்தான் தனி மாத்திரை குடுப்போம். அப்புறம் தூசு, புகை, இதுனாலயும் வரும். ரொம்பக் கத்தினாலும் வரும். வயித்துல இருக்கிற புளிப்பு படுத்திருக்கும்போது மேல ஏறினாலும் தொண்டை எரியும். இவருக்குத் தொண்டை கொஞ்சம் செவந்திருக்கு, மத்தபடி பயமில்ல. நாலஞ்சு நாள்ல தானா சரியாயிடும். வெதுவெதுப்பான தண்ணில உப்புப் போட்டுக் கொப்பளிச்சுத் துப்பணும். பேசாம இருக்கணும். தலைமாட்டைக் கொஞ்சம் ஒசத்திப் படுக்கட்டும். மூச்சு விட சிரமமா இருந்தாலோ, எச்சிலையே முழுங்க முடியாம வாயில வழிஞ்சாலோ, காய்ச்சல் ஏறினாலோ, ஒரு வாரம் தாண்டியும் வலி விடலைன்னாலோ உடனே கூட்டிட்டு வந்துரணும்.”

அம்பலம் விரலை மடக்கி எண்ணியபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெருமூச்சு விட்டார். “இம்புட்டுப் பேரா ஒரு புள்ளையோட தொண்டைக்கு எதிரி! எல்லாத்தையும் எழுதிக்கிட்டியாடா உடையணா?”

“முதல் வரியில வைரசுல ஆரம்பிச்சு ஒருத்தர் விடாம எழுதிட்டேன், அம்பலாரே.”

அன்று மத்தியானம் வைத்தியம் ஆரம்பமானது. பேச்சிமுத்து வாய் நிறைய உப்புத் தண்ணீரை ஊற்றி அண்ணாந்து களகளவென்று கொப்பளித்தான். துப்பப் போனவனை வெள்ளைக்கண்ணு கையைக் காட்டி நிறுத்தினான்.

“துப்பணும்னுதான சொன்னாக. எங்க துப்பணும்னு சொன்னாகளா?”

உடையணன் நோட்டைப் பார்த்தான். எங்கே என்று எழுதியிருக்கவில்லை. அம்பலம், “தெரியாத விசயத்துல நாமளா ஒரு முடிவெடுத்துப் புள்ளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிறப்படாது. போயிக் கேட்டுட்டு வா” என்றார். வெள்ளைக்கண்ணு சைக்கிளை எடுத்தான். டவுன் ஏழு மைல். பேச்சிமுத்து கன்னம் இரண்டும் உப்பிப்போய், கண் பிதுங்க, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பார்க்கிற எனக்கே வாய் கடுத்தது.

சாயங்காலம் வெள்ளைக்கண்ணு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். “எங்கயாச்சும் துப்பச் சொல்லுங்கய்யான்னு கையெடுத்துக் கும்புட்டாக” என்றான். அவன் வாயை மூடுவதற்குள் பேச்சிமுத்து துப்பிவிட்டான். எதிரே உடையணன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றது அவன் கிரகசாரம். முதல் இரண்டு வரியும் மசியோடு கரைந்து ஓடியது.

“போச்சு அம்பலாரே! வைரசும் இன்னொரு கிருமியும் அழிஞ்சு போச்சு!” என்று உடையணன் அலறினான்.

“அழிஞ்சு போச்சுன்னா நல்லதுதானடா” என்றார் அம்பலம். “ஒரே ஒரு கொப்பளிப்புலயே ரெண்டு எதிரி காலி. மருந்துன்னா இது மருந்து. மிச்சம் இருக்கிறவுகளை விசாரிப்போம்.”

டாக்டரம்மா சொன்னதில் உண்மையான குற்றவாளி இப்படி நோட்டிலிருந்து தப்பித்துப் போய்விட்டது. நான் வாயைத் திறந்தேன். என் மாமனார் என் தொடையில் கிள்ளினார். மூக்கூரணியில் வீட்டு மாப்பிள்ளை சபையில் பேசக்கூடாது. பந்தியில் முதல் இலை, சபையில் கடைசி வாய், அதுதான் அங்கே மாப்பிள்ளைக்கு மரியாதை.

செவ்வாய்க்கிழமை காலையில் பஞ்சாயத்துக் கூடியது. ஊரில் மொத்தம் அறுபத்து மூன்று பேர். அறுபத்து மூன்று பேரும் வந்துவிட்டார்கள். பேசக் கூடாது என்ற உத்தரவு இருந்ததால் பேச்சிமுத்துவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து வாயில் துண்டைக் கட்டியிருந்தார்கள்.

முதலில் புகையை விசாரித்தார்கள். ஒரு அடுப்பைச் சபை நடுவில் வைத்துப் பச்சை விறகால் மூட்டி, புகையை வரவழைத்தார்கள்.

“பேச்சிமுத்து தொண்டைக்குள்ள போனியா, இல்லையா?” என்று அம்பலம் அதட்டினார்.

புகை மேலே போய்க்கொண்டிருந்தது.

“கேள்வி கேக்கும்போதே எந்திரிச்சுப் போகுது பாத்தீகளா!” என்றான் வெள்ளைக்கண்ணு, கண்ணைக் கசக்கிக்கொண்டே. “சபைக்கு ஒரு மருவாத வேணாம்?”

“அம்பலாரே, எனக்குக் கண்ணுல தண்ணி வருது” என்றான் உடையணன்.

“எனக்கும்தான் வருது. நம்மளையே அழ வைக்கிதுன்னா சின்னப்பயல என்ன பாடு படுத்தியிருக்கும்!” அம்பலம் உடனே தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடித்து முடிகிற வரைக்கும் ஊரில் ஒரு அடுப்பும் எரியக் கூடாது. அன்று முதல் எனக்கு மூன்று வேளையும் ஊற வைத்த அவலும் தண்ணீரும்தான். பேச்சிமுத்து கொப்பளிக்க வேண்டிய தண்ணீரை வெயிலில் வைத்துச் சுட வைத்தார்கள். நல்ல வெயில், சுட்டது.

அடுத்தது தூசு. தூசைச் சபைக்குக் கூப்பிட்டால் வராது, இருக்கிற இடத்தில் போய்ப் பிடிக்க வேண்டும் என்று முடிவானது. வீட்டுக்கு ஒரு விளக்குமாறு எடுத்து, ஊரையே ஒரே நேரத்தில் கூட்டினார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். பத்து நிமிஷத்தில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியவில்லை. எல்லாரும் இருமினார்கள். ஆடுகூட இருமியது.

“ஆத்தாடி, எத்தனை நாளா ஒளிஞ்சு கிடந்திருக்கு!” என்று அம்பலம் தூசுக்குள்ளிருந்து சொன்னார். “நாம மட்டும் தேடலேன்னா தெரிஞ்சே இருக்காது.”

தூசு அடங்கியதும், மறுநாள் வயிற்றுப் புளிப்பின்மேல் விசாரணை. அது பேச்சிமுத்துவின் வயிற்றுக்குள்ளேயே இருந்ததால், விசாரிக்க வழியில்லை, காவல் போடுவது ஒன்றுதான் வழி என்றார் அம்பலம். தலைமாட்டை உயர்த்த வேண்டும் என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தாரே. கட்டிலின் தலைப்பக்கம் நாலு செங்கல் வைத்தார்கள்.

“இம்புட்டு ஒசரம் போதுமா? புளிப்பு ஏறிட்டா?” என்று வெள்ளைக்கண்ணு கேட்டான்.

“கொஞ்சம் ஒசத்தணும்னு இருக்கு. எம்புட்டுக் கொஞ்சம்னு இல்ல” என்றான் உடையணன்.

“அப்பச் சந்தேகத்துக்கு எடம் குடுக்கப்படாது” என்றார் அம்பலம். செங்கல்மேல் செங்கல் ஏறியது. கட்டில் சுவரோடு சுவராக நின்றது. பேச்சிமுத்து வழுக்கி விழாமல் இருக்க இரண்டு வேட்டியால் அவனைக் கட்டிலோடு கட்டினார்கள். பாவம், அவன் நின்றுகொண்டே தூங்கினான். வயிற்றிலிருந்து எதுவும் மேலே ஏறவில்லை. அவலும் கீழே சரியாக இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

வியாழக்கிழமை மிச்சம் இருந்தது ஒரே குற்றவாளி. கத்துவது.

“கூச்சலுக்கு எதிரா சாட்சி சொல்றவுக யாரு?” என்று கேட்டார் அம்பலம்.

வெள்ளைக்கண்ணு எழுந்தான். “அதைச் சின்னப்புள்ளையிலேருந்து எனக்குத் தெரியும். அது வராத வீடு நம்மூருல கிடையாது.”

“எங்க வீட்டுக்கு வந்ததே இல்ல” என்றான் உடையணன் எழுதிக்கொண்டே.

“உங்க வீட்டுலதான் அது குடியே இருக்கு!”

“யாரு வீட்டைப் பாத்துடா சொல்ற?”

“உன் வீட்டத்தான் சொல்றேன். நேத்துக்கூட உன் பொண்டாட்டி போட்ட சத்தத்துல எங்க வீட்டுப் பல்லி கீழ விழுந்துச்சு!”

அவ்வளவுதான். உடையணன் மச்சினன் எழுந்தான். வெள்ளைக்கண்ணு பங்காளிகள் எழுந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து உடையணன் சம்சாரம், எந்தப் பல்லி, எப்போது விழுந்தது, அதைக் கொண்டுவந்து காட்டு என்று கேட்டாள். கால்மணி நேரம் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. அம்பலம் பெஞ்சுமேல் ஏறி, “நிறுத்துங்கடா!” என்று ஒரு போடு போட்டார். கப்சிப் என்று அடங்கியது.

அம்பலம் தொண்டையைத் தடவிக்கொண்டார். “பாத்தீகளா? கையுங்களவுமா சிக்கிருச்சு. இப்பத்தான் சபைக்குள்ள வந்துச்சு, அதுக்குள்ள என் தொண்டையே கரகரங்குது.” எல்லாரும் தங்கள் தொண்டையைத் தொட்டுப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

தீர்ப்பை அம்பலம் மெதுவான குரலில் சொன்னார். “இனிமே மூக்கூரணி எல்லைக்குள்ள யாரும் தொண்டையைத் திறந்து சத்தம் போடப்படாது. போட்டா ஒரு வருசத்துக்குக் கம்மாயில கால் வைக்கப்படாது.” சபையே குசுகுசுவென்று சம்மதம் சொன்னது.

ஸ்டூலில் இருந்த பேச்சிமுத்து துள்ளி எழுந்தான். கம்மாயைக் காட்டினான், வாயைக் காட்டினான், துண்டைச் சுழற்றிக் காட்டினான்.

“தண்ணி தவிக்கிதாம்” என்றார் அம்பலம். தண்ணீர் கொடுத்தார்கள். மறுபடி காட்டினான். மறுபடி கொடுத்தார்கள். மூன்றாவது செம்பை வைத்துவிட்டு உடையணன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, நோட்டில், 'அப்போ நான் ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கூவுவேன்?' என்று கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினான்.

அம்பலம், “என்னடா எழுதியிருக்கான்? படி” என்றார்.

உடையணன் நோட்டைத் தூரத்தில் வைத்துப் பார்த்தான், கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். “அம்பலாரே, எனக்கு என் கையெழுத்த மட்டும்தான் படிக்க வரும்” என்றான்.

“மாமா, ஞாயித்துக்கெழம...” என்று நான் என் மாமனாரிடம் ஆரம்பித்தேன். இந்த முறை கிள்ளு பலமாக விழுந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பேச்சிமுத்து கட்டிலோடு நின்றபடி எச்சிலை முழுங்கினான். வலிக்கவில்லை. இன்னொரு தரம் முழுங்கினான். அப்போதும் வலிக்கவில்லை. “அத்தான், வலி போயிருச்சு!” என்று என்னைப் பார்த்துச் சொன்னான். நல்ல கணீர் குரல். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா சொன்னபடி தானாகத்தான் சரியாயிற்று. ஆனால் அம்பலம், “விசாரணைன்னா இப்படி இருக்கணும்” என்று ஊரையே தட்டிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பத்து ஊர்ச் சனம் கரை கொள்ளாமல் நின்றது. தண்ணீருக்குள் விரால் புரள்வது கரையிலிருந்தே தெரிந்தது. அந்தப் பக்கம், எதிர்க்கரைப்பட்டியில், ஆண்டிச்சாமி வாசற்படியில் நிற்பது ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பேச்சிமுத்து மடைமேல் ஏறினான். சாமியைக் கும்பிட்டான். வெள்ளைத் துண்டைச் சுழற்றினான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

அம்பலம் ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினார்.

“தொண்டையைத் திறந்து சத்தம் போடப்படாதுன்னு தீர்ப்பு இருக்குல்லடா!” என்று காதோரம் சொன்னார்.

“அப்பக் கூவு?” என்று பேச்சிமுத்து கிசுகிசுத்தான்.

உடையணனும் வெள்ளைக்கண்ணுவும் ஏறிவர, நாலு பேரும் மடைமேலேயே உட்கார்ந்து மெதுவான குரலில் யோசித்தார்கள். பத்து ஊர்ச் சனமும் பார்த்துக்கொண்டு நின்றது.

“தொண்டையைத் திறந்துதான போடப்படாது? மூடிக்கிட்டுக் கூவச் சொன்னா என்ன?” என்றான் வெள்ளைக்கண்ணு.

பேச்சிமுத்து வாயை மூடிக்கொண்டு கூவிப் பார்த்தான். 'ம்ம்ம்' என்று வந்தது. பக்கத்தில் கட்டியிருந்த எருமை திரும்பிப் பார்த்தது. வேறு யாருக்கும் கேட்கவில்லை.

பேச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. “அம்பலாரே, அந்தாளு அங்க காத்துக்கிட்டு நிக்கிறாரு. என் சத்தம் அங்க போகலேன்னா சொர்ணக்கிளிய அவுக அக்கா மகனுக்குக் குடுத்துருவாரு. அவ இல்லேன்னா எனக்கு இந்தத் தொண்டை எதுக்கு?” என்றான். அம்பலத்துக்கும் கண் கலங்கியது. அவருக்கும் மனசு இருக்கிறதே.

“போட்ட தீர்ப்ப மாத்த முடியாது அப்பு. ஆனா தீர்ப்பு நம்ம எல்லைக்குள்ள மட்டும்தான். எல்லையத் தாண்டிப் போயிக் கூவு. எந்த எல்லை கிட்ட இருக்கு?”

உடையணன் விரலால் காட்டினான். “கம்மாய் பூராவும் நம்மளது. அந்தக் கரையில இறங்குனா எதிர்க்கரைப்பட்டி.”

பேச்சிமுத்து மடையிலிருந்து குதித்துக் கரைமேல் ஓடினான். முக்கால் மைல். அப்படி ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. என்ன நடக்கிறது பார்ப்போம் என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஆண்டிச்சாமி வாசற்படியில் நின்று, வலது காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, கண்ணை மூடி, மூக்கூரணிப் பக்கமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா மகன் எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலையோடு சிரித்துக்கொண்டு நின்றான். பேச்சிமுத்து எல்லைக் கல்லைத் தாண்டினான். தாண்டினால் வாசற்படிதான். ஆண்டிச்சாமியின் காதுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, துண்டைச் சுழற்றி, ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த தொண்டையை மொத்தமாகத் திறந்தான்.

“இறங்கலாமோய்ய்ய்!”

வீட்டு ஓட்டிலிருந்து புறா எழுந்து பறந்தது. ஆண்டிச்சாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“கேட்டுச்சா மாமா?” என்றான் பேச்சிமுத்து பயத்தோடு.

“கேட்டுச்சு. இன்னமும் கேட்டுக்கிட்டே இருக்கு” என்றார் அவர்.

அக்கா மகன் குதித்தான். “மாமா, இது அநியாயம்! அவன் இங்க வந்துல்ல கூவுறான்!”

ஆண்டிச்சாமி நியாயஸ்தர். உட்கார்ந்தபடியே யோசித்தார். “நான் எங்க நிப்பேன்னு சொன்னேன், நின்னேன். காதுல விழணும்னு சொன்னேன், விழுந்துச்சு. அவன் எங்க நிக்கணும்னு நான் சொல்லவே இல்லையே மாப்ளே. சொன்னா சொன்னதுதான். பொண்ணு பேச்சிமுத்துக்கு.”

கதவுக்குப் பின்னாலிருந்து சொர்ணக்கிளி ஒரு செம்பு நீர்மோரோடு வந்தாள். “இதுக்குத்தான் நாலு நாளா கட்டில்ல நின்னுக்கிட்டுத் தூங்குனீகளாக்கும்” என்று சிரித்தாள். அவன் மடமடவென்று ஒரே மூச்சில் குடித்தான். தொண்டையில் ஒரு தடங்கல் இல்லை. வெற்றிலை பாக்கு மாற்றி, கல்யாணத்துக்கு ஆவணியில் நாளும் குறித்துவிட்டார்கள்.

நான் அதற்குள் கரைக்குத் திரும்பிவிட்டேன். அங்கே கூவு கேட்டதும் பத்து ஊர்ச் சனமும் ஹோவென்று கம்மாய்க்குள் இறங்கியிருந்தது. விராலும் கெளுத்தியும் கெண்டையுமாகக் கூடை கூடையாக அள்ளினார்கள். மூக்கூரணிக்காரர்கள் மட்டும் ஊத்தாவைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் வரிசையாக நின்றார்கள்.

“கூவு கேட்டுச்சுல்ல?” என்று அம்பலம் மெதுவாகக் கேட்டார்.

“கேட்டுச்சு” என்றான் வெள்ளைக்கண்ணு.

“யாரு குரலு?”

“நம்ம பேச்சிமுத்து குரலுதான்.”

“எந்த ஊருலேருந்து வந்துச்சு?”

“எதிர்க்கரைப்பட்டியிலேருந்து.”

“அப்ப அது எதிர்க்கரைப்பட்டிக் கூவு. நம்மூருக் கூவு இன்னும் வரல. யாரும் அவசரப்பட்டு இறங்கிறாதீக.”

என் கண் முன்னால் ஒரு கை நீள விராலை வேற்றூர்க்காரன் தோளில் போட்டுக்கொண்டு போனான். ஆறு நாளாக அவல் தின்ற வயிறு எனக்கு. “மாமா, மீன் போகுது மாமா” என்றேன். “சபை மாப்ளே, சபை” என்று மாமனார் அடக்கினார். அழாத குறையாக நின்றேன்.

வெயில் ஏறியதும் பேச்சிமுத்து வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்போடு வந்து சேர்ந்தான். பத்து ஊர்ச் சனமும் வீட்டுக்குப் போய்விட்டது. கம்மாயில் வெறும் சேறு. அம்பலம் அவனைக் கட்டிக்கொண்டார். பிறகு, “நம்மூருக்கு நீ இன்னும் கூவலையேப்பா. சனம் காத்துக்கிட்டு நிக்குது” என்றார்.

சத்தம் போடக் கூடாது. ஆனால் கூவாமல் இறங்கவும் கூடாது. அம்பலம்தான் வழி சொன்னார். பேச்சிமுத்து துண்டை மெதுவாகச் சுழற்றியபடி ஒவ்வொருத்தராகப் போய், காதோரம் குனிந்து, “இறங்கலாமோய்” என்று கிசுகிசுத்தான். வயசு வரிசைப்படி. கேட்டவர் “சரிப்பா” என்று தலையாட்டி, சேற்றில் இறங்கி, ஊத்தாவை அமுக்கித் துழாவ ஆரம்பித்தார். என் முறை வந்தது. நானும் இறங்கினேன். வேறென்ன செய்ய? எனக்கு ஒரு பழைய செருப்புக் கிடைத்தது.

கடைசியில் ஒரே ஒரு ஆள் கரையில் மிச்சம். ராக்கப்பன், ஊரிலேயே மூத்தவர். வரிசையில் அவர்தான் முதலில் நின்றார். ஆனால் காது மந்தம். பேச்சிமுத்து காதோரம் மூன்று தரம் சொல்லியும், “என்னது?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார். கூவு கேட்காமல் இறங்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருக்குக் கேட்க வேண்டும் என்றால் கத்தித்தான் ஆக வேண்டும்.

“எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிக் கூவிட்டு, திருப்பித் தூக்கியாந்துருங்க” என்றார் அம்பலம்.

ராக்கப்பனைக் கட்டிலில் உட்காரவைத்து நாலு பேர் தோளில் தூக்கினார்கள். கரை சுற்றி முக்கால் மைல். பேச்சிமுத்து முன்னால் ஓடினான். சொர்ணக்கிளியை இன்னொரு தரம் பார்க்கலாமே. எல்லைக் கல்லைத் தாண்டியதும் கட்டிலை இறக்கினார்கள். பேச்சிமுத்து துண்டைச் சுழற்றி, காலையில் விட்டதைவிடப் பலமாக ஒரு கூவு விட்டான்.

“இறங்கலாமோய்ய்ய்!”

“இறங்கலாமா? இத முன்னாடியே சொல்லப்படாதாடா?” என்றார் ராக்கப்பன்.

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஆண்டிச்சாமி வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் வாசற்படிக்கு ஓடிவந்தார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

“வேணாம் மாப்ளே! என்கிட்ட இருந்ததே ஒரே பொண்ணுதான்! அதையும் காலையிலேயே உனக்குக் குடுத்துட்டேன்!”